தேடலில் விடுபட்ட பேட்ச் நம்பர்

கம்பம் ஊரில் திராட்சைக்கு மருந்தடித்தவர் மயங்கி விழுந்துவிட்டார். லேபிள் கிழிந்த டப்பாவில் பேட்ச் நம்பர் மட்டுமே மிச்சம். என்ன மருந்தென்று ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் பூச்சிமருந்து கம்பெனிக்குப் போன் மேல் போன்.

“தேடுனா இல்லைன்னே வருது மேடம்” என்றேன்.

கம்ப்யூட்டரைச் சரிபார்க்க உத்தமபாளையத்திலிருந்து வந்திருந்த அம்மா, நரைத்த கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். எதைப் படித்தாலும் வரிக்கு வரி டிக் போடுவார்.

“ஃபைல்ல இருக்கும் தம்பி. அங்கன தேடுன்னு இந்தக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லிவைக்கல.”

கறுப்புத் திரையில் நாலு வரி தட்டினார். தேடலில் சேர்க்காமல் விட்ட விவரங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் பேட்ச் நம்பரும் இருந்தது. அதைச் சேர்த்ததும் மருந்தின் பெயர் வந்தது. போனில் கத்தினேன். ஆள் பிழைத்தார்.

“மிச்சத்தையும் சேத்துருங்க” என்று பட்டியலை அச்செடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். யார் விட்டது என்று கேட்கவே இல்லை.

தாளில் எல்லா வரிக்கும் டிக் இருந்தது. உச்சியில், தேடலை அமைத்தவர் என்று என் பெயர் இருந்த வரிக்கும்.