பழத்தோடு வருபவர்கள் கவனத்துக்கு

போன ஞாயிற்றுக்கிழமை, சேலத்துப் பக்கம் இளம்பிள்ளைக்குப் போயிருந்தேன். அக்கா வீடு. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. பார்க்கப் போனேன்... வெறுங்கையோடு.

வாசலிலேயே அக்கா என் இரண்டு கைகளையும் பார்த்தாள். போதாதென்று என் பைக்கையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஒண்ணும் வாங்காமயா வந்தே சாமி? நல்லா இருப்பே நீயி. வா, உள்ள வா."

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போய், அதற்காக வாழ்த்தும் வாங்கிய ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். பொதுவாக இதற்கு நம் ஊரில் என்ன கிடைக்கும்? "வந்தான், நின்னான், போனான்... ஒரு சாத்துக்குடிக்குக் கூட வக்கில்ல" என்று அடுத்த கல்யாணம் வரைக்கும் பேசுவார்கள். எனக்கு மட்டும் எப்படி இந்த மரியாதை? சொல்கிறேன்.

மாமாவுக்குச் சேலை வியாபாரம். தறிக்காரர்களிடம் நூல் கொடுத்து நெய்து வாங்கி, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறார். எந்தச் சேலைக்கு என்ன கலர் என்று முடிவு செய்வது அவர்தான். உங்களுக்கும் எனக்கும் சிவப்பு என்றால் சிவப்பு. மாமாவுக்கு அதில் அரக்கு, மாதுளை, தக்காளி, செங்கல் என்று ஒரு குடும்பமே உண்டு.

அந்தக் கண்ணில்தான் புரை விழுந்தது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வாடாமல்லி கலரில் சேலைகள் கேட்டிருந்தார்கள். மாமா கத்திரிப்பூ கலரில் நெய்து அனுப்பிவிட்டார். மொத்த பண்டலும் திரும்பி வந்தது. மாமா அதில் ஒரு சேலையை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாராம். "ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் அம்மிணி தெரியுது" என்றாராம்.

இதை போனில் சொல்லும்போது அக்கா அழுதுவிட்டாள். கலர் தெரியாத சேலை வியாபாரி எத்தனை நாளைக்குத் தொழில் செய்ய முடியும்?

சேலத்தில் கண் டாக்டரிடம் காட்டினோம். "சின்ன ஆபரேஷன்தான். ஆனா சுகர் ரொம்ப எகிறிக் கிடக்கு. குறைச்சுட்டு வாங்க, செஞ்சுடலாம்" என்றார்.

குறைப்பது என்ன பெரிய விஷயமா? அக்கா அன்றைக்கே களத்தில் இறங்கினாள். சர்க்கரை டப்பா பரணுக்குப் போனது. டீயில் சீனி கட். மைசூர்பாகு, லட்டு என்ற வார்த்தைகளே வீட்டுக்குள் தடை செய்யப்பட்டன. காலையில் பாகற்காய் ஜூஸ். மாமா அதைக் குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால், இந்தத் தியாகத்துக்கு சுகர் தானாகவே வெட்கப்பட்டு இறங்கிவிடும் என்றுதான் தோன்றும்.

இறங்கவில்லை. ஆபரேஷன் தள்ளிப் போனது.

நம் சனங்களுக்கு இந்த மாதிரி சேதி போய்ச் சேர போன் கூடத் தேவையில்லை. மறுநாளே ஒவ்வொருவராக விசாரிக்க வந்துவிட்டார்கள். வரும்போது சும்மா வருவார்களா? சுகர்காரருக்கு ஸ்வீட் வாங்கிப் போகக் கூடாது என்பது நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். விவரமானவர்கள். அதனால் பழம்.

ஆப்பிள், சாத்துக்குடி, விதையில்லாத திராட்சை. சேலத்து மாம்பழம் கூடையோடு. சேலம் கடைவீதி பாய் ஒருவர், மாமாவின் நெடுநாள் வாடிக்கையாளர், பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பினார். சேந்தமங்கலத்துக் கூட்டாளி பொன்னுசாமி அண்ணன் கொல்லிமலைத் தேனும் மலைவாழைத் தாரும் கொண்டுவந்து இறக்கினார். லாரி வைத்திருக்கிறவர் இல்லையா... அவருக்குக் கொஞ்சமாக என்று எதையும் ஏற்றத் தெரியாது. (நான் என்ன வாங்கிப் போனேன் என்று கேட்காதீர்கள்.)

இப்போது ஒரு கேள்வி. இத்தனை பழத்தை என்ன செய்வது? குப்பையில் போட அக்காவுக்கு மனசு வராது. அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால், அடுத்த வீட்டுக்காரர் நேற்றுத்தான் இரண்டு கிலோ ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆக, அந்த வீட்டில் பழத்தைத் தீர்க்கும் வேலை நோயாளியிடமே ஒப்படைக்கப்பட்டது.

மாமாவும் பொறுப்போடு செய்தார். காலையில் பேரீச்சம்பழத்தைத் தேனில் ஊறப்போட்டு... ரத்தம் ஊறுமாம். பதினோரு மணிக்கு ஒரு தட்டு பப்பாளி. மத்தியானம் சாத்துக்குடி ஜூஸ் — சர்க்கரை போடாதது! சாயங்காலம் எந்த மாம்பழம் நாளைக்கு அழுகும் போலிருக்கிறதோ அது. ராத்திரி சோறே கிடையாது. "லைட்டா ரெண்டு மலைப்பழம் போதும்" என்று சொல்லிவிட்டுத் துறவி மாதிரி படுக்கப் போய்விடுவார்.

மறுபடியும் டெஸ்ட். சுகர் முன்பு இருந்ததைவிட மேலே போயிருந்தது. மறுபடியும் ஆபரேஷன் தள்ளிப்போனது. அதைக் கேள்விப்பட்டு இன்னும் நான்கு பேர் பார்க்க வந்தார்கள். அவர்கள் கையில் என்ன இருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா? பழம் வந்தால் சுகர் ஏறும், சுகர் ஏறினால் ஆபரேஷன் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் பழம் வரும். ஒரு எதிரி உட்கார்ந்து யோசித்தால்கூட இவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போட முடியாது. அன்பானவர்களால் மட்டும்தான் முடியும்.

மாமா உடைந்து போய்விட்டார். "ஒரு வாய் இனிப்புத் திங்கல மாப்ள. என்ன பாவம் பண்ணுனேன்?" என்று என்னிடம் கேட்டார். கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். நூல் வந்து கிடந்தது. கலர் சொல்ல ஆள் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்ல ஓர் அம்மா இருந்தார். அங்கே அனுப்பினார்கள். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி. "நேத்துக் காலைல எந்திரிச்சதுல இருந்து வாயில போட்டதெல்லாம் சொல்லுங்க."

மாமா பெருமையாகச் சொன்னார். பாகற்காயில் தொடங்கி மலைப்பழம் வரை. அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஜூஸு எத்தன பழத்துலங்க போடுவீங்க?"

"ஒரு நாலு சாத்துக்குடிங்க. சக்கரையே போடறதில்லீங்க."

"அந்த நாலையும் உரிச்சுக் கொடுத்தா ஒரே மூச்சுல தின்பீங்களா?"

"அதெப்படிங்க முடியும்?"

"குடிக்க மட்டும் முடியுதுங்களே?"

மாமா வியாபாரி அல்லவா? விடவில்லை. "பழத்துல இருக்கறது இயற்கைச் சக்கரைதானுங்களே?"

"ரத்தத்துக்கு ஊரும் பேரும் விசாரிக்கத் தெரியாதுங்க. தேனா, பேரீச்சையா, ஆலைச் சக்கரையான்னு அது கேக்காது. உள்ள வந்தா கணக்குத்தான்."

பழமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதுதான் முக்கியம். ஏனென்றால் நமக்கு இரண்டே நிலைதான் தெரியும் — தார் தாராகத் தின்பது அல்லது தலைமுழுகிவிடுவது. அவர் சொன்னது நடுவில் இருந்தது. பழத்தையும் சாப்பாடாகவே நினையுங்கள், சோற்றுக்கு மேலே போனஸ் என்று நினைக்காதீர்கள். ரொம்பப் பழுக்காத ஒரு கொய்யா, இல்லையென்றால் இரண்டு துண்டு பப்பாளி. கடித்து மென்று தின்னுங்கள். ஜூஸாகப் பிழிந்தால் நார் சக்கையோடு போய்விடும், இனிப்பு மட்டும் டம்ளரில் நிற்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் பழம் என்ற தவத்தை இன்றோடு விடுங்கள். மாத்திரையை டாக்டர் சொன்னபடி போடுங்கள். அவ்வளவுதான்.

இதைக் கேட்க ஆஸ்பத்திரி வரை போக வேண்டியிருந்தது. அதுவரைக்கும் வந்த அத்தனை சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அவர் என்ன தின்கிறார் என்று கேட்கவில்லை. என்ன கொண்டு வந்திருக்கிறோம் என்பதைத்தான் சொன்னார்கள்.

சரி, வீட்டுக்குள் சரியாகிவிட்டது. வாசலை என்ன செய்வது? வருகிறவர்களிடம் அக்கா சொல்லிப் பார்த்தாள். "அட, ஒரு சொளை என்ன பண்ணிப்போடும்?" என்றார்கள். சோபா மேல் வைத்துவிட்டு ஓடினார்கள். அப்போதுதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது.

முதலில் மாட்டியவர் சேந்தமங்கலத்துப் பொன்னுசாமி அண்ணன். அன்று நானும் அங்கே இருந்தேன். தோளில் பாதிப் பலாப்பழத்தோடு உள்ளே வந்தார். "மலைப் பழந் தாயி. மருந்தடிக்காதது. இதுல இருக்கற இனிப்பு உடம்புல ஒட்டவே ஒட்டாது" என்று உத்தரவாதம் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அக்கா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து, சுளை சுளையாக எடுத்து ஒரு தட்டு நிறைய வைத்து அவர் முன்னாலேயே நீட்டினாள்.

"சாப்புடுங்கண்ணா."

"எனக்கா? அட, தம்பிக்குக் கொண்டாந்ததும்மா..."

"அவருக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. வீணாப் போகக் கூடாது பாருங்க. இந்த ஊட்டுல இனி அப்படித்தானுங்க. கொண்டாந்தவங்க தின்னுட்டுத்தான் போகோணும்."

"வேண்டாந் தாயி. இப்பத்தான் சாப்ட்டு வாரேன்."

"மருந்தடிக்காததுதானுங்களே அண்ணா? ஒட்டாதுன்னீங்களே?"

அண்ணன் மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "எனக்கும் சுகருங்க தாயி. பலாப்பழத்தக் கண்ணுலயே காட்டக் கூடாதுன்னு டாக்டர் எங்க ஊட்டுல சொல்லிப்போட்டாரு. அதான்... இங்க கொண்டாந்துட்டேன்."

மாமா சிரித்த சிரிப்பு இருக்கிறதே... கண்ணில் புரை விழுந்த நாளில் இருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பொன்னுசாமி அண்ணனும் சேர்ந்துகொண்டார். இரண்டு சுகர்காரர்கள், நடுவில் ஒரு தட்டுப் பலாச்சுளை. ஆளுக்கு ஒன்று அக்கா கொடுத்தாள். மீதியை நான் தின்றேன். தம்பி என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?

அதற்குப் பிறகு இளம்பிள்ளையில் சேதி பரவியது. 'அந்த ஊட்டுக்குப் பழத்தோட போனா தின்ன வெச்சுத்தான் அனுப்பறாங்க' என்று. விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் சுரைக்காயும் முருங்கைக் கீரையும் கொண்டு வந்தார்கள். மாமாவின் சுகர் மெல்ல மெல்ல இறங்கியது. டாக்டர் தலையாட்டினார். ஆபரேஷன் நடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே போனபோது, மாமா ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மடியில் இரண்டு சேலைகளை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்த பண்டலில் ஒன்று, புதிதாக நெய்தது ஒன்று.

"இது வாடாமல்லி. இது கத்திரிப்பூ. மாப்ள, இதப் போயி அதுன்னு அனுப்பிச்சேனே..." என்றார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"கண்ணுல தண்ணி உடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லீருக்காருங்க" என்று அதட்டினாள் அக்கா. அவள் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு டாக்டர் எதுவும் சொல்லவில்லை.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு பைக் திரும்பியது. ஹேண்டில்பாரில் ஒரு கேரி பேக் ஆடியது. வந்தது யார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மாமா கண்ணைச் சுருக்கினார்.

"செவப்பு... அரக்கு இல்ல, தக்காளியும் இல்ல. மாதுள மாப்ள. மாதுளம்பழமேதான்!" என்றவர், அக்கா பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அம்மிணி, கத்தியும் தட்டும் கொண்டா!"

ஆபரேஷன், நூற்றுக்கு நூறு சக்சஸ்.