பாதி பேக்கப்பும் ஒரு காதுகுத்தும்

பிரான்சில் மாப்பிள்ளை அமைந்து போகிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிற ஒரு அக்கா கோட்டுச்சேரியில் இருக்கிறார். எனக்குச் சொந்தமில்லை. நான் காரைக்காலில் வெப்சைட் செய்துகொடுத்துப் பிழைக்கிறவன், அவர் என் வாடிக்கையாளர். மூன்று வருடமாகப் பாடம் பாடமாக எழுதி அந்த சைட்டில் சேர்த்திருந்தார். உச்சரிப்பு மட்டும் அவருடைய தம்பியின் குரல். பாரிஸ் பக்கம் வேலையில் இருக்கிற அந்தத் தம்பி, ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து நேராக சைட்டிலேயே பேசிப் பதிவு செய்வான்.

பேக்கப்புக்கு இடம் கொடுத்ததும் அவன்தான். "அக்கா, இங்க என் வீட்டு சர்வர்ல எடம் சும்மா கெடக்கு. தெனம் ஒரு காப்பி இங்க வந்து விழுற மாதிரி செய்யச் சொல்லு" என்றான். ஒரே நாளில் செய்துகொடுத்தேன். சைட் முழுவதையும் அது ஓடுகிற எங்கள் வாடகை சர்வரிலேயே ஒரே ஃபைலாகக் கட்டி, கடல் தாண்டி அவன் மெஷினுக்கு அனுப்புகிற சின்ன ஏற்பாடு. செய்த வேலை சின்னது, அடித்த தம்பட்டம் பெரியது. "பிரளயமே வந்தாலும் உங்க பாடம் பத்திரமா இருக்கும்க்கா" என்று சொன்ன வாய் இது.

கொஞ்ச நாளில் அந்த வாடகை சர்வரிலிருந்து எனக்குத் தினமும் ஒரு மெயில் வர ஆரம்பித்தது. இடம் போதவில்லை, இடம் போதவில்லை என்று ஒரே புலம்பல். காலையில் போனைத் திறந்தாலே அதுதான். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று, அந்த மெயில் வந்தால் நேராகக் குப்பைக்குப் போகும்படி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அக்கா ஒருமுறை கேட்டார். "தம்பி, அங்க போற ஃபைல ஒரு தடவையாவது தொறந்து பாத்தீங்களா?"

"அக்கா, நீங்க பாடத்தப் பாருங்க. இத நான் பாத்துக்குறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரின் டிஸ்க் போன ஆடி மாதத்தில் ஒருநாள் செத்துப்போனது. அக்கா பதறி என் கடைக்கு ஓடிவந்தார். "இதுக்குத்தானே பேக்கப்?" என்று அவரை உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு, பாரிஸிலிருந்து கடைசி ஃபைலை இறக்கினேன். திறக்கவில்லை. ஃபைல் பாதியிலேயே முடிந்துவிட்டது என்றது. லைன் அறுந்திருக்கும் என்று மறுபடி இறக்கினேன். அதே பதில். அந்தப் பக்கம் இருக்கிற அளவையும் இந்தப் பக்கம் வந்த அளவையும் ஒத்துப் பார்த்தேன். அட்சரம் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. முந்தைய நாள் ஃபைல், போன வாரத்து ஃபைல், போன மாதத்து ஃபைல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனபோதுதான் கவனித்தேன். சைட் வளர வளர பேக்கப் சிறுத்துக்கொண்டே வந்திருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. பாடங்கள் இடத்தை அடைக்க அடைக்க, வாடகை சர்வரில் ஃபைல் கட்டுவதற்கு இடமில்லாமல் பாதியில் நின்றிருக்கிறது. அந்தப் பாதியைத்தான் என் ஏற்பாடு ஒழுங்காக, ஒருநாள் தவறாமல், பாரிஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. குப்பையைக் கிளறினேன். கடைசி முப்பது நாள் மெயில்கள் அப்படியே கிடந்தன. அதற்கு முந்தியவை தாமாக அழிந்திருந்தன. ஐயோ, இதைத்தானே கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறது!

"என்ன தம்பி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் அக்கா.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான். நான் சொன்னது இது: "இங்கேருந்து சரியாத்தான் போயிருக்குக்கா. ஒங்க தம்பி சர்வர்தான் பாதியில நறுக்கிடுது." நாக்கு கூசவில்லை. இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பழைய பாடங்களில் கொஞ்சம் மீண்டது. அவன் குரல் ஒன்றுகூட மீளவில்லை.

அந்தத் தம்பி கெட்டிக்காரன். இரண்டே நாளில் எனக்கு எழுதினான். "அண்ணா, நீங்க அனுப்பின அளவும் இங்க வந்த அளவும் ஒண்ணா இருக்கு. அங்க டிஸ்க்ல இடம் இருந்துச்சான்னு ஒரு தடவ பாருங்க" என்று மரியாதையாக, விவரமாக. நான் பதில் போடவில்லை. அக்கா கேட்டபோது, "சமாளிக்கிறாருக்கா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு இன்னும் இரண்டு கவளம் கூடுதலாகத் தேவைப்படும்.

சண்டை என் கடையில்தான் நடந்தது. போனில் அவன் என்ன சொன்னானோ, அக்காவின் குரல் ஏறியது. "யாரப் பாத்துப் பொய் சொல்றாருங்குற? மூணு வருசமா கூட இருந்து ஒழைக்கிற மனுசன்டா! ஒன் மெஷின்ல கோளாறுன்னா ஒத்துக்கிட்டுப் போயேன்!" அப்புறம் ஒரு மூச்சு நிறுத்தி, "காதுகுத்துக்கு நீ ஒண்ணும் வர வேணாம். எம் பொண்ணுக்கு மாமன் இல்லன்னு நெனச்சுக்கிறேன்" என்று வைத்துவிட்டார். தையில் அக்கா மகளுக்கு வைத்திருந்த காதுகுத்துக்காகவே அவன் டிக்கெட் எடுத்திருந்தான் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற நான், "விடுங்கக்கா, டென்ஷனாகாதீங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டையும் அனுப்பிவைத்தவன் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

தை மாதத்தில் திருவேட்டக்குடிப் பக்கம் அவர்களுடைய குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. பத்திரிகை கொடுத்தார், போனேன். போகாமல் இருக்க ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை. குழந்தைக்கு மொட்டையடித்து, சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டியாயிற்று. பத்தர் ஊசியோடு தயாராக உட்கார்ந்துவிட்டார். "தாய்மாமனக் கூப்பிடுங்க, மடியில வச்சாத்தானே குத்த முடியும்?" என்றார். அக்காவுக்குப் பெரியப்பா பிள்ளை யாராவது உண்டா என்று அவர் கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்க ஒக்காருங்க. கூடப் பொறந்தாத்தான் தம்பியா?"

வேண்டாமென்று தலையாட்டினேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். யாரோ தோளைப் பிடித்து மணையில் அழுத்தினார்கள். உட்கார்ந்துவிட்டேன். எழுந்து ஓடியிருக்கலாம், அங்கேயே கத்திச் சொல்லியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தார்கள். அசையாமலிருக்கத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் பத்தர். பிடித்துக்கொண்டேன். அது வீறிட்டது. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, என்னிடமே அடைக்கலம் தேடுகிறதுபோல முகத்தைப் புதைத்து அழுதது. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சாப்பிட்டேன், பாயசம்வரைக்கும்.

வரிச்சிக்குடியில் என் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது போனில் ஒரு செய்தி வந்திருந்தது. அந்தத் தம்பிதான். ஆறு மாதமாக நான் பதில் போடாத அதே செய்திக்குக் கீழே எழுதியிருந்தான். "அண்ணா, இன்னிக்கு அங்க போயிருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். அக்கா போன் எடுக்க மாட்டேங்குது. பாப்பா ரொம்ப அழுதாளா?"

பாப்பா யார் மடியில் உட்கார்ந்தாள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வகுப்பு முடிகிற நேரம் பார்த்து கோட்டுச்சேரிக்குப் போனேன். கடைசிப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறவரை வாசலில் நின்றேன். அப்புறம் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். குப்பைக்கு அனுப்பிய மெயில், சிறுத்துக்கொண்டே வந்த ஃபைல், அவன் அனுப்பிய செய்தி, எல்லாம். திட்டுவார், அறைவார், செருப்பைக்கூட எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

அவர் தூளியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"காது ஒரு தடவதான் தம்பி குத்துவாங்க" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை. தன் போனை எடுத்து, ஒரு எண்ணைத் தேடி அழுத்தி, காதில் வைக்காமல் என் கையில் கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க."

ஒரு மணிதான் அடித்தது.

"அக்கா! அக்கா... பேசுக்கா" என்றான் அவன். குரல் உடைந்து, சிரிப்பும் அழுகையுமாக வந்தது. நான்தான் பேசுகிறேன் என்று அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது.