பாபநாசத்து ஈயின் தலை

பாளையங்கோட்டையில் அந்தக் காலத்தில் கெசியா என்று விசாரித்தால் எந்தக் கெசியா என்று திருப்பிக் கேட்பார்கள். ஈக்காரி கெசியா என்றால் சின்னப் பிள்ளைகூட முருகன்குறிச்சிப் பக்கம் கையைக் காட்டும். செத்த ஈக்களை ஊசியில் ஏற்றி, காலை நீட்டி, இறகை விரித்துப் பெட்டியில் குத்தி வைப்பது அவள் வேலை. இப்படி ஒரு பிழைப்பு உண்டு என்று ஊரில் யாரும் நினைத்ததில்லை. அவளும்தான்.

அதற்கு முன் அவள் மிஷன் லேஸ் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். புருஷன் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய், அங்கேயே காய்ச்சலில் முடிந்து போனான். அண்ணன் வீட்டில் ஒரு மூலை கிடைத்தது. அண்ணி பேசாமல் இருக்கிற நாள் நல்ல நாள். லேஸ் பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்கள் பின்னினார்கள். கெசியா பழுது பார்த்தாள். நூல் அறுந்த இடம், கண்ணி விட்டுப்போன இடம், எலி கடித்த இடம் எல்லாம் அவள் மடிக்கு வரும். வெட்டி எறிகிற நூல் துண்டுகளை ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்திருப்பாள். அதில் நிறம் பார்த்து, பருமன் பார்த்து எடுத்து ஓட்டையை அடைப்பாள். சீமைக்குப் போகிற லேஸில் ஓட்டை இருக்கக் கூடாது. அடைத்த தடமும் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துத் துரைசானி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எங்கே?” என்று கேட்பாள். கெசியாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நேசையா வாத்தியாரின் மனைவி யூனிஸ் அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவள்தான் கெசியாவைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தவள். “எங்க வீட்டுல ஒருத்தரு பூச்சியைக் குத்துதேன் குத்துதேன்னு காலை ஒடிச்சுப் போடுதாரு. உன் விரலு இருந்தா உருப்படும்” என்றாள்.

நேசையா வாத்தியார் உயர்நிலைப் பள்ளியில் இயற்கைப் பாடம் நடத்துகிறவர். கோடை விடுமுறையில் மற்ற வாத்தியார்மார் மாமனார் வீட்டுக்குப் போக, இவர் வலையைத் தூக்கிக்கொண்டு பாபநாசம் போவார். வண்ணத்துப்பூச்சி பிடித்தாலாவது துரைமார் மெச்சுவார்கள். இவர் பிடித்தது ஈ. நாம் ஈ என்று ஒரே எழுத்தில் தள்ளிவிடுகிற கூட்டத்துக்குள் குளவி மாதிரி இடுப்புள்ளது உண்டு, கொசு மாதிரி காலுள்ளது உண்டு, பறக்கிற பூச்சியை ஆகாயத்திலேயே பிடித்துத் தின்கிறது உண்டு என்று அவர் சொல்வார். “தேனீக்கு றெக்கை நாலு. ஈக்கு ரெண்டே ரெண்டு. பின்றெக்கை இருக்க வேண்டிய எடத்துல குண்டூசித் தலை மாதிரி ரெண்டு குமிழ் இருக்கும். அது இருந்தா ஈ. அதுக்கு மேலதான் சண்டையே.” அந்தச் சண்டை, எந்த ஈ எந்தக் குடும்பம் என்பது. தலையின் உரோமம் எங்கே முளைத்திருக்கிறது, உணர்கொம்பு எப்படி மடிகிறது, இறகின் நரம்பு எங்கே பிரிகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அதைத் தீர்க்க வேண்டும். உரோமம் ஒன்று இடம் மாறினால் குடும்பம் மாறிவிடும்.

கெசியாவுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. தேக்குப் பெட்டியின் அடியில் ஊசி இறங்குவதற்கு மெத்தென்ற நெட்டி பரப்பி, அந்துருண்டை போட்டு, ஊசி ஊசியாக அவள் குத்தி வைத்தால் பெட்டியே ஒரு லேஸ் விரிப்பு மாதிரி இருக்கும். வாத்தியார் வீட்டுக் கொல்லையில் ஓர் அறை கொடுத்தார்கள். அண்ணன் வீட்டு மூலையை விட்டு வந்தாள். தாழ்ப்பாள் தன் கையில் இருக்கிற கதவு அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல்.

1912 வாக்கில் வாத்தியாருக்குப் பிரேசில் தேசத்துக் காப்பித் தோட்டக்காரர் ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. அவரும் ஈப் பைத்தியம். ஏதோ பத்திரிகையில் வாத்தியாரின் குறிப்பைப் படித்துவிட்டு எழுதியிருந்தார். நீ உன் மலை ஈயை அனுப்பு, நான் என் காட்டு ஈயை அனுப்புகிறேன் என்று பேச்சு. முதல் பெட்டி தூத்துக்குடியில் இறங்கி, ரயிலில் வந்து, வண்டிக்கார பீர் மைதீனின் மாட்டு வண்டியில் வீடு சேர்ந்தது.

“என்ன வாத்தியாரே, கருவாடா?” என்றான் பீர் மைதீன்.

“ஈ.”

“ஈயா? எங்க தொழுவத்துல இல்லாத ஈயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாக்குல கட்டிக் கொண்டாந்திருப்பேனே.”

“இது பிரேசில் ஈ, வே. ரெண்டு சமுத்திரம் தாண்டி வந்திருக்கு.”

“நம்ம ஆளுவ கப்பலேறிக் கண்டிக்குப் போவுதானுவ. அந்த ஊரு ஈ கப்பலேறி இங்கன வருது. எதுக்கு மூளை கூடன்னு நீங்களே சொல்லுங்க.”

கெசியா நிமிரவில்லை. அவள் புருஷன் எந்த ஊரில் போய்ச் சேர்ந்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

பெட்டியைத் திறந்தால், கப்பல் ஆட்டத்தில் பாதி ஈக்கள் ஊசியைவிட்டுக் கழன்றிருந்தன. அடியில் காலும் தலையுமாகச் சிதறிக் கிடந்தன. வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, “சிதறினதை எல்லாம் ஒரு கிண்ணத்துல போட்டு வை கெசியா. ஒண்ணையும் தூக்கிப் போட்டுராத” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.

கிண்ணத்தில் போட்டு வை என்றால் கெசியாவுக்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. பழுது பார்க்க எடுத்து வை என்பது அது.

அந்த வருஷம் பாபநாசத்து அருவிப் பாறையில் வாத்தியார் பிடித்தவற்றில் ஓர் ஈ இருந்தது. நீண்ட கால், குளவி இடுப்பு, இறகில் காப்பிக் கறை மாதிரி ஒரு பட்டை. வீடு வந்து சேருவதற்குள் அதன் தலை போய்விட்டது. வாத்தியார் அதைக் கவனிக்கவில்லை. கெசியா கிண்ணத்தைத் துழாவினாள். பருமன் சரியாக, நிறமும் பொருந்த, கன்னத்தில் மஞ்சள் ஓடிய ஒரு தலை கிடைத்தது. வேலம்பிசினை நீரில் கரைத்து, ஊசி முனையில் தொட்டு ஒட்டினாள். காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எங்கே? தெரியவில்லை. பெட்டியில் குத்தி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து வாத்தியார் அந்த ஈயைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பார்த்தவர் சாப்பிட வரவில்லை. யூனிஸ் போய்க் கூப்பிட்டாள், வரவில்லை. கடைசியில் வந்து உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“தலை தென் அமெரிக்கா, யூனிஸ். உடம்பு நம்ம பாபநாசம். அந்தக் குடும்பம் அங்கன மட்டும்தான் உண்டுன்னு உலகமே நெனச்சுக்கிட்டிருக்கு. நம்ம அருவிப் பாறையில ஒண்ணு நடந்துக்கிட்டு இருந்திருக்கு. இடையில எத்தனை கடல்! எப்படி வந்துச்சு? வந்துச்சா, இல்ல ரெண்டு தேசமும் ஒரு காலத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சா?”

“குழம்பு ஊத்தட்டா?” என்றாள் யூனிஸ்.

“இனி ஈக்கு ஒரு புத்தகம் எழுதுனா இந்த ஈயை விட்டுட்டு எழுத முடியாது. பேரு எம்பேருல வரும். நேசையா ஈ!”

“நேசையா ஈ. நல்லாத்தான் இருக்கு. எங்க அப்பாவுக்கு எழுதிப் போடுங்க, மருமகன் ஈயாயிட்டாருன்னு.”

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கெசியா கேட்டதில்லை. அடுப்படி வாசலில் நின்றவள், அவர் அந்தத் தலையை விவரித்துக்கொண்டே கன்னத்து மஞ்சளுக்கு வந்ததும் திடுக்கிட்டாள். அது கிண்ணத்துத் தலை.

அந்த நொடியிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பு நிற்கும். சிரிப்போடு வேலையும் நிற்கும், அறையும் போகும், அண்ணி மறுபடி அந்த மூலையைக் காட்டுவாள். சொல்லாவிட்டால்? யாருக்குத் தெரியப் போகிறது, ஒட்டிய இடம்தான் தெரியாதே என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வாத்தியார் அந்த ஈயைப் பார்த்துச் சொல்லும்படி பிரேசில் தோட்டக்காரருக்கு அனுப்பப் போகிறார். அந்தத் தலையின் கூடப்பிறந்ததுகள் ஆயிரம் அங்கே பறக்கும். தோட்டக்காரர் ஒரு நாள் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போதும், பிசின் கரைந்து தலை விழுந்துவிடும். அதற்குப் பிறகு நேசையா ஈ என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் வெளி ஆட்களாக இருப்பார்கள், அந்த வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். இந்த நினைப்போடு ஒரு வாரம் வேலை செய்தாள். இரண்டு ஈயின் காலை ஒடித்தாள்.

பார்சல் கட்டுகிற நாள் வந்தது. சின்னப் பெட்டி, அதில் அந்த ஒரே ஈ. மேலே காடாத் துணி சுற்றித் தைக்க வேண்டும். தைக்கிறது கெசியாதான். பீர் மைதீன் வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தான். வாத்தியார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பக்கம் தைத்தாகிவிட்டது. நாலாவது பக்கத்தில் ஊசி நின்றது.

“என்ன, நூல் சிக்கிட்டா?”

“இந்தத் தலை இதோடது இல்லைய்யா.”

“எந்தத் தலை?”

“பிரேசில் பெட்டியில கெடந்த தலை. நாந்தான் ஒட்டுனேன்.”

வாத்தியார் அவளையே பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, அவர் நம்பவேயில்லை. “சும்மா இரு. நான் எத்தனை வாட்டி கண்ணாடி வச்சுப் பாத்திருக்கேன், ஒட்டு இருந்தா தெரியாதா?”

“தெரியாம ஒட்டுறதுதான்யா எனக்கு வேலை.”

அவர் துணியைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தார். காய்ந்த ஈயை இளக்குவதற்கு ஈர மணல் போட்ட மூடிச் சாடி ஒன்று உண்டு. ஈயை அதற்குள் வைத்து மூடினார். பீர் மைதீனைப் போகச் சொன்னார்.

“ஈ வரலையாக்கும்? மனசு மாறிட்டோ?” என்று கேட்டுக்கொண்டே அவன் மாட்டைத் திருப்பினான்.

மறுநாள் காலையில் சாடியைத் திறந்தபோது தலை மணலில் உருண்டு கிடந்தது. வாத்தியார் அதை ஊசி முனையால் புரட்டிப் பார்த்தார். கெசியா தன் இரண்டு சேலையையும் மடித்து மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“எதுக்கு ஒட்டுன?” என்றார்.

“ஓட்டையோட எப்படிய்யா சீமைக்கு அனுப்புறது?”

அவருக்கு அது புரிய நேரமாயிற்று. யூனிஸுக்கு உடனே புரிந்தது. லேஸ் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் அல்லவா. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

“வேற எதையெல்லாம் ஒட்டியிருக்க?”

“நெறைய இருக்கும்யா.”

“எதுன்னு காட்டு.”

கெசியா பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்தாள். ஒவ்வொரு ஈயும் முழுசாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தாள், சாய்த்துப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. “எனக்கே தெரியலைய்யா.”

வாத்தியார் அன்றைக்கும் மறுநாளும் அவளோடு பேசவில்லை. போகச் சொல்லப் போகிறார் என்று கெசியா மூட்டையை அவிழ்க்காமலே இருந்தாள். யூனிஸ்தான் பேச்சை எடுத்தது. “அவளை அனுப்பிட்டா எல்லா ஈயையும் யாரு இளக்கிப் பாக்குறது? நீங்களா? ஒரு பெட்டி முடியுறதுக்குள்ள கால் ஒண்ணு மிஞ்சாது.”

அது நியாயமாகப் பட்டதோ என்னவோ, மூன்றாம் நாள் வாத்தியார் முதல் பெட்டியைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார்.

ஐப்பசி மழை முழுக்க அந்த வேலைதான். ஒவ்வொன்றாகச் சாடிக்குள் வைப்பாள், காலையில் திறப்பாள். சிலது முழுசாக இருக்கும். சிலதில் கால் விழுந்திருக்கும், சிலதில் உணர்கொம்பு. சில ஈக்கள் ஈரத்தில் பூஞ்சை பிடித்து வீணாயின. அதற்கு வாத்தியார் அவளை ஒன்றும் சொல்லவில்லை. விழுந்ததை ஒட்டாமல், அதே ஊசியில் ஓர் அட்டைத் துணுக்கில் வைக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் தனித்தனி வகை என்று பிரித்து வைத்திருந்த சில, ஒரே வகைதான் என்று தெரிய வந்தது. அவற்றை அடித்துவிட்டு எழுதும்போது அவர் முகத்தில் வருத்தத்தைக் கெசியா தேடினாள். வேலை செய்கிறவரின் முகம்தான் இருந்தது. பிரேசில்காரருக்கும் நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டார். பதிலில் அவர் என் வீட்டுப் பூனை இதைவிடப் பெரிய ஆராய்ச்சி பண்ணியிருக்கிறது, ஒரு பெட்டியையே தின்றுவிட்டது என்று எழுதியிருந்ததாக யூனிஸ் சொன்னாள்.

அடுத்த கோடையில் வாத்தியார் பாபநாசத்துக்குப் புறப்படும்போது, “நீயும் வா கெசியா. யூனிஸும் வரட்டும்” என்றார். தலையில்லாத அந்த ஈயின் சொந்தத் தலை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ரயிலில் கண்ணாடிச் சாடிகளை ஏற்ற அவருக்குப் பயம் என்பதால் பீர் மைதீன் வண்டியில்தான் போனார்கள். மலையடியில், விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையில் சங்கு ஊதும்போது அவன் மாட்டை அவிழ்த்தான்.

கெசியா அதுவரை உயிரோடிருக்கிற ஈயை உற்றுப் பார்த்ததில்லை. அருவியிலிருந்து தள்ளி, சாரல் தெறிக்கிற பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு ஒன்று பாசி மேலே நடந்து வந்தது. இறகில் காப்பிக் கறை. வலையைப் பைய இறக்கினாள்.

வாத்தியார் சீசாவை வெயிலில் பிடித்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். “கறுத்த மூஞ்சி. மஞ்சள் கிஞ்சள் ஒண்ணுமில்லை. நம்ம ஊரு குடும்பம்தான்” என்றார்.

“சரியாப் பாருங்க வாத்தியாரே, பிரேசில் ஈக்குச் சொந்தக்காரனா இருக்கப் போவுதான்” என்றான் பீர் மைதீன்.

கெசியா சீசாவை வாங்கிப் பார்த்தாள். “ஐயா, இதுக்கு ஒரு பின்னங்கால் இல்லை.”

“வலையில போயிருக்கும்.”

“இல்லைய்யா. பாறையில நடக்கும்போதே அஞ்சு காலுதான். நல்லாத்தான் நடந்துச்சு.”

வாத்தியார் மறுபடி வாங்கிப் பார்த்தார். கால் போன இடத்தில் புண் ஆறி, கறுத்து, முடிச்சிட்டது மாதிரி மூடியிருந்தது. பல நாளைக்கு முன்னால் போன கால். “அதையும் எழுதணும்” என்றார்.

அந்த ஈயைக் கெசியா பாளையங்கோட்டையில் ஊசியில் ஏற்றினாள். இருந்த காலை நீட்டினாள், இறகை விரித்தாள். ஆறாவது காலின் இடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மூடினாள்.