எத்தனை அடிங்க?

காலை 6.40. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நாமக்கல் பேருந்து ஏறினேன். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். நாமக்கல்லில் எனக்கு வேலை எதுவும் இல்லை. சேலத்தில் குடோனில் மூட்டை தூக்கிய வேலை முடிந்திருந்தது, அவ்வளவுதான். பக்கத்து இருக்கைப் பெண் மடியில் பெரிய நாடாச் சுருள் ஒன்றை வைத்துக்கொண்டு சிரமப்பட்டாள். மல்லூரில் அதை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். நாடா நுனியில் விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் கட்டை.

"போர் குழாய்க்குள்ள உடுவோமுங்கண்ணா. தண்ணியத் தொட்டா கத்தும்" என்றாள்.

பெயர் தேன்மொழி, திருச்செங்கோட்டுக்காரி. வேகமாக வளரும் நகரத்தை அதன் மண்ணும் நீரும் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று தெருத்தெருவாகக் கணக்கெடுப்பது அவள் வேலை. உதவியாளருக்குக் காய்ச்சலாம். ஆண்டகளூர்கேட் வருவதற்குள் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்றேன். எண் எழுதத் தெரிந்தால் போதும் என்றாள்.

காலை 8.30. நாமக்கல் ஊர் ஓரத்தில், சோளக்காடுகள் மனைகளாகிவிட்ட பகுதி. மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழிகள் சில இந்த வட்டாரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. எந்தத் தெருவில் தண்ணீர் மிக ஆழத்துக்குப் போயிருக்கிறதோ அங்கே முதலில் தோண்டுவார்கள். பட்டியல் அன்று மாலை ஐந்து மணிக்குள் போகவேண்டும். தவறிய தெரு அடுத்த ஆண்டு வரை காத்திருக்கவேண்டும்.

மூடி திறக்க முடிந்த குழாய்களில் தேன்மொழி நாடாவை இறக்கினாள். மற்ற வீடுகளில் எத்தனை அடி என்று கேட்டு எழுதுவது என் பொறுப்பு. பதில் சொல்ல யாரும் யோசிக்கவே இல்லை.

"ஆயிரத்து நூறுங்க!" என்றார் ஒரு மாடிவீட்டுக்காரர். "போர் போடற ரிக்கு வண்டி எங்க மச்சானோடதுங்க. எதுத்த ஊட்டுக்காரரு தொள்ளாயிரத்துலயே மூச்சு வாங்கிட்டாரு."

இங்கே ஆழ்குழாயின் அடியைப் பிள்ளையின் மதிப்பெண் போலச் சொல்கிறார்கள். அவர் மோர் கொடுத்தார். குடித்துவிட்டு 1,100 என்று எழுதினேன்.

பகல் 1.10. கடைசித் தெரு. லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வேலை செய்பவர்களின் தகர வீடுகள். தண்ணீர் லாரி நின்றது. வரிசையில் பாப்பாத்தி என்ற பெண் இரண்டு டிரம்மோடு நின்றாள். தெருவுக்கே ஒரு பொது ஆழ்குழாய்தான்.

"எத்தனை அடிங்க?"

"எரநூத்தி எம்பதுங்க."

எழுதினேன். பட்டியலிலேயே மிகச் சிறிய எண். அப்படியானால் குழி இந்தத் தெருவுக்குக் கடைசியாகத்தான் வரும். திரும்பி நடந்தவன் லாரியைப் பார்த்து நின்றேன்.

"அவ்வளவு மேலேயே தண்ணீர் இருக்கும்போது லாரி எதுக்குங்க?"

பாப்பாத்தி சிரித்துவிட்டாள். "தண்ணியா? அது வத்தி ரெண்டு வருசமாச்சு சாமி. நீங்க அடிதான கேட்டீங்க? போர் போட்ட அடியச் சொன்னேன்."

"நல்லா எடுத்தீங்க போங்க கணக்கு!" என்றது வரிசை.

காலையிலிருந்து நான் எழுதிய இருபத்து மூன்று எண்களும் தோண்டிய ஆழம். தண்ணீர் நிற்கும் ஆழம் ஒன்றுகூட இல்லை. அப்படியே அனுப்பியிருந்தால் வற்றிய தெரு செழிப்பான தெருவாகியிருக்கும்.

ஓடிப்போய்ச் சொன்னேன். தேன்மொழி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடி கேளுங்கன்னு சொன்னதே நாந்தானுங்களே! ரிக்கு வண்டிங்க நெறஞ்ச ஊர்ல பொறந்த எனக்கே தோணலை. ஆனாலும் அண்ணா, நீங்க ஒன்பதாவதோட நின்னது வாத்தியாரு தப்பில்லீங்க."

பாப்பாத்தி டிரம்களைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு மொபெட்டை எடுத்தாள். "ஏறுங்க சாமி, நேரமாவுது."

ஒவ்வொரு வாசலிலும் அவளே கத்தினாள்: "ஏனுங்க, போர் அடி வேண்டாமுங்க! தண்ணி எத்தனாவது அடில நிக்குது, அதச் சொல்லுங்க!"

மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது தெரிந்துகொண்ட கணக்கு எல்லா வீட்டிலும் இருந்தது. ஆனால் குரல்தான் இறங்கிவிட்டது. ஆயிரத்து நூறுக்காரர் எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "நூத்தித் தொண்ணூறுங்க" என்றார்.

மாலை 4.20. கடைசியாகப் பொதுக்குழாய். மூடியைக் கழற்றி நாடாவை இறக்கினோம். தெருவே சுற்றி நின்றது. நூறு, இருநூறு, இருநூற்று எண்பது. கட்டை தரைதட்டி நாடா தொய்ந்தது. அது கத்தவே இல்லை. 280 என்று எழுதியிருந்த இடத்தில் 'வற்றியது' என்று தேன்மொழி எழுதவைத்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டியல் அவள் போனிலிருந்து போனது. அந்தத் தெரு முதலிடத்தில் இருந்தது.

பாப்பாத்தி டிரம்மிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அந்தத் தண்ணீரின் அருமை தெரிந்தும் மறுக்க மனமில்லை. முழுவதும் குடித்தேன். என் தப்பைச் சிரித்தபடி சொல்லி, அதைத் திருத்த வண்டியும் ஓட்டிய மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மாலை 6.15. மோகனூர் டவுன் பஸ். கையில் ஒருநாள் கூலி. இரவு காவிரிக் கரையில் படுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஊரைக் கேட்டார். வேதாரண்யம் பக்கம் என்றேன். அங்கே கையால் தோண்டினாலே தண்ணீர் வரும். வாயில் வைக்க முடியாத உப்பு. அதைப் பற்றி யாரும் பெருமைப்பட்டதும் இல்லை, எழுதிவைத்ததும் இல்லை.

"உங்க பக்கமெல்லாம் எத்தனை அடிங்க?" என்றார்.

"ஏனுங்க, போரா, தண்ணியா?" என்று கேட்டேன்.