முதல் சட்டி கனகலட்சுமி கையால்

மதுரையில் கோபுரத்தை மறைத்தது யார் என்று நாளைக்கே ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தால், என் அக்கா புருஷன் ஜெயபாண்டியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முதல் ஆளாக நிறுத்துவேன். ஊர் முழுக்க அவர்தான் மறைத்தார் என்று பழி போட மாட்டேன். அவ்வளவு பெரிய காண்டிராக்டர் இல்லை. கீரைத்துறைப் பக்கம் நாலைந்து தெருவுக்கு மறைத்தார். குறிப்பாகச் சொன்னால், தன் பெண்டாட்டிக்கு மறைத்தார்.

மச்சானுக்குத் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். பருத்தி போட்டு, மழையை எதிர்பார்த்து ஏமாந்து, இது ஆகாது என்று மதுரைக்கு வந்து சென்ட்ரிங் வேலையில் சேர்ந்தவர். தளம் போடுவதற்கு முன்னால் தகரம் பரப்பி, அடியில் முட்டுக் கொடுத்து, கான்கிரீட் இறுகிய பிறகு எல்லாவற்றையும் பிரித்தெடுக்கிற வேலை. சும்மா சொல்லக் கூடாது, உழைப்பாளி. சித்தாளாக ஏறியவர் மேஸ்திரியாக இறங்கி, பிறகு காண்டிராக்டராகி விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார். கார்டில் ஒரு ஓரத்தில் கோபுரப் படம். பிற்பாடு அவர் தெருவில் கோபுரம் பார்க்க அந்தக் கார்டு ஒன்றுதான் வழி என்று ஆகப்போவது அப்போது யாருக்கும் தெரியாது.

என் அக்கா கனகலட்சுமி பிறந்து வளர்ந்தது தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில். வாசலுக்கு வந்தால் தெற்குக் கோபுரம் நெஞ்சில் வந்து இடிக்கும். காலையில் எழுந்து முகம் கழுவி, அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. அதனால் பெண் பார்க்க வந்தவர்களிடம் எங்கள் அப்பா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்.

"நகை நட்டு எல்லாம் பேசிக்கலாம். ஆனா கோபுரம் தெரியிற வீடா இருக்கணும். பிள்ளை அதைப் பாக்காம ஒரு சொட்டுத் தண்ணி காய வைக்காது."

"கீரைத்துறையில இடம் வாங்கிப் போட்டிருக்கேன் மாமா. மாடில நின்னா தெக்குக் கோபுரம் முழுசாத் தெரியும், கிழக்குக் கோபுரம் பாதி தெரியும். நான் உசுரோட இருக்க வரைக்கும் அதை எவனும் மறைக்க முடியாது" என்றார் மச்சான்.

எவனும் மறைக்கவில்லைதான். சொன்ன சொல் தவறாத மனிதர்.

கல்யாணமான புதிதில் அது உண்மையாகவே தெரிந்தது. ஒற்றை மாடி வீடு. மொட்டை மாடியின் வடக்குச் சுவர் ஓரத்தில் போய் நின்றால், ஓட்டு வீடுகளுக்கும் தென்னை மரங்களுக்கும் மேலே ஒன்பது நிலையும் எண்ணலாம். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அக்கா வீட்டுக்குப் போனால் மாடியிலேயே கிடப்பேன். "நீ கோயிலுக்கே போய்ப் பாத்துக்கிற வேண்டியதுதானக்கா, நடந்தா எம்புட்டுத் தூரம்" என்று ஒருநாள் கேட்டேன். "கோயிலுக்குப் போனா நான் மீனாட்சியைத் தேடிப் போறேன். இங்கன நின்னா அவ என்னைத் தேடி வாரா. ரெண்டும் ஒண்ணாடா?" என்றாள்.

அந்த வருஷம்தான் மச்சானுக்கு முதல் காண்டிராக்ட் கிடைத்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு ஜவுளிக் குடோன். தளம் போடுகிற அன்றைக்குத் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, கலவைச் சட்டிக்குக் குங்குமம் வைத்து, முதல் சட்டியை வீட்டுக்காரர் சம்சாரம் கையால் கொட்டச் சொல்வது வழக்கம். குடோன்காரர் சம்சாரம் ஊரில் இல்லை. மச்சான் வீட்டுக்கு ஓடிவந்து அக்காவைப் பட்டுச் சேலை கட்டச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா சாரத்தில் ஏறி, தளத்தில் நின்று, வடக்கே பார்த்து, "ஆத்தாடி, இங்கன இருந்து எம்புட்டு அழகாத் தெரியுது" என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கொட்டினாள். தளம் கண்ணாடி மாதிரி வந்தது. குடோன்காரர் கை குலுக்கினார்.

அடுத்த வேலைக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. பாதித் தளம் போட்டிருக்கும்போது மழை கொட்டி, முட்டு ஒன்று நழுவி, ஒரு மூலை சரிந்துவிட்டது. மாசக்கணக்கில் மழையே பார்க்காத ஊரில் அன்றைக்குப் பெய்தால் அது மேகத்தின் குற்றமா, அக்காவைக் கூப்பிடாத குற்றமா? மச்சானுக்குச் சந்தேகமே வரவில்லை. அன்றிலிருந்து எந்தத் தளம் போட்டாலும் முதல் சட்டி கனகலட்சுமி கையால்தான். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் சம்சாரத்துக்கு இரண்டாவது சட்டி. யாராவது முகம் சுளித்தால், "உங்க தளம் நிக்கணுமா வேணாமா?" என்று கேட்பார். அதோடு முடிந்தது பேச்சு. நிறைமாசமாக இருந்தபோதுகூட அக்காவை ரெண்டு பேர் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள். என் அக்கா மகள் அஸ்வினி, பிறப்பதற்கு முன்பே மூன்று மாடி ஏறியவள்.

குடோன் எழும்பி முடிந்தபோது அக்கா வீட்டு மாடியிலிருந்து கிழக்குக் கோபுரம் போயிருந்தது. தெற்குக் கோபுரத்துக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. "பரவால்ல, முகம் தெரியுதுல்ல" என்றாள் அக்கா.

பிறகு ஊருக்குப் பணம் வந்தது. ஓட்டு வீடெல்லாம் தளமானது, தளமெல்லாம் மாடியானது. ஏ.சி. மஹால் ஒன்று வந்தது. கல்யாணம் செய்கிறவர்கள் பேரை விட மஹால் பேர் பெரிதாக எரிகிற வகை. அடுத்து ஒரு லாட்ஜ். கோபுரம் தெரியும் என்று வாசலிலேயே போர்டு வைத்தார்கள். பொய் இல்லை, அறை எடுத்துப் படுக்கிறவனுக்குத் தெரியும். பின்னாலிருக்கிற தெரு முழுவதற்கும் தெரியாமல் போனது லாட்ஜ்காரர் கவலை இல்லையே. பிறகு டாக்டர் பரீட்சைக்கு ஒரு கோச்சிங் சென்டர், அதன் தலையில் ஒரு செல்போன் டவர், டவருக்குக் கீழே காதுகுத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். கோயிலைச் சுற்றி இன்ன உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று விதியெல்லாம் உண்டு. விதி பாட்டுக்கு இருந்தது, கட்டடம் பாட்டுக்கு வளர்ந்தது.

இதில் டவரையும் ஃப்ளெக்ஸையும் தவிர மிச்சம் அத்தனையும் மச்சான் போட்ட தளம். பக்கத்துத் தெருக்காரன்தானே வேலைக்குக் கூப்பிடுவான்? அத்தனைக்கும் முதல் சட்டி அக்கா. ஒவ்வொரு தடவையும் மேலே ஏறுவாள், கோபுரம் பிரமாதமாகத் தெரியும், மனசு நிறைந்து கொட்டிவிட்டு இறங்குவாள். நாலு மாசம் கழித்து வீட்டு மாடியில் ஒரு துண்டு குறைந்திருக்கும். பல வருஷம் இந்த ரெண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவே இல்லை. நானும்தான். எனக்கு உறைத்தபோது நேராகவே கேட்டேன்.

"ஏக்கா, நீ கொட்டுற சட்டிதான உனக்கு மறைக்குது?"

"மேல ஏறுனா நல்லாத்தானடா தெரியுது" என்றாள். பிறகு வடக்குச் சுவர் ஓரத்தில் போய் நின்றுகொண்டாள்.

நம் வீட்டிலும் ஒரு மாடி எழுப்பினால் என்ன என்று அவள் மச்சானிடம் கேட்டாள். "அஸ்திவாரம் தாங்காது" என்றார். ஊருக்கெல்லாம் நாலு மாடி கட்டியவர் தன் வீட்டுக்கு மட்டும் மிச்சக் கம்பியையும் மிச்ச சிமெண்டையும் போட்டு ஒப்பேற்றியிருந்தார். அவர் சொன்னதிலேயே சுத்தமான உண்மை அது ஒன்றுதான்.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு சந்து. லாட்ஜுக்கும் கோச்சிங் சென்டருக்கும் நடுவில் ஆனிமேரி டீச்சரின் ஓட்டு வீடு. டீச்சர் மிஷன் ஸ்கூலில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். அந்த ஓட்டுக்கு மேலே, மாதா படம் மாட்டிய வீட்டின் தலைக்கு மேலே, மீனாட்சி என் அக்காவுக்குத் தினமும் காட்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். மேல் ரெண்டு நிலையும் கலசமும் மட்டும். அது போதும் அவளுக்கு. சுவர் ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் நின்றால்தான் தெரியும், அங்கே நின்று நின்று தரையில் பாசிகூடப் பிடிக்கவில்லை.

போன வருஷம் டீச்சர் மகன் ஆன்சன் பெங்களூரிலிருந்து வந்து, அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய், வீட்டை இடித்து ஹாஸ்டல் கட்டுவது என்று முடிவு செய்தான். நல்ல பையன்தான், அவன் இடம், அவன் கட்டுகிறான். காண்டிராக்ட் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு விஷயம் தெரிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் போனேன். மச்சான் டீக்கடையில் இருந்தார்.

"ஏன் மச்சான், உங்களுக்கு ஊருல வேற வேலையே கிடைக்கலையா?"

"நான் எடுக்கலைன்னா இன்னொருத்தன் எடுப்பான் மாப்ள. கோபுரம் எப்படியும் மறையத்தான் போகுது. மறைக்கிற கூலியாச்சும் நம்ம வீட்டுக்கு வரட்டுமே."

"அக்காட்ட சொல்லியாச்சா?"

"சொல்லணும். நல்ல நாளாப் பாத்துச் சொல்றேன்."

"அவதான் முதல் சட்டி கொட்டணும், அப்படித்தான?"

"பின்ன? மூணாவது மாடித் தளம் மாப்ள. பெரிய தளம். அவ கை படாம நான் எப்படிப் போடுவேன்?"

இந்த மனிதரோடு என்ன பேச? டீக்காசைக்கூட நான்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் நல்ல நாள் பார்ப்பதற்குள் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எதிரில் ஓடு இறங்குவது அவள் கண்ணுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முதல் தளத்துக்கும் ரெண்டாவது தளத்துக்கும் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். மச்சான் அவள் கையைச் சட்டியில் தொட வைத்து, சட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார். அதுவும் நின்றது. அதுவும் அவள் ராசி என்றார்.

மூன்றாவது தளத்துக்கு மட்டும், நானே வாரேன் என்றாள். அதுதான் கலசத்தை மறைக்கப் போகிற தளம் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மச்சானுக்கு வாயெல்லாம் பல். புதுப் பட்டு எடுத்துக் கொடுத்தார். கட்டிக்கொண்டு வந்தாள். காலை ஒன்பது மணி வெயில். கீழே ரெடிமிக்ஸ் லாரி உறுமிக்கொண்டு நின்றது. அக்காவுக்கு இப்போது முட்டி வலி. ஒவ்வொரு படியாக மூச்சு வாங்கி ஏறினாள். நான் பின்னாலேயே ஏறினேன்.

மேலே ஏறியதும் வடக்கே பார்த்தாள். நாலு கோபுரமும் தெரிந்தன, அவள் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்ததைவிட முழுசாக. நின்று பார்த்தாள். கும்பிட்டாள். மச்சான் குங்குமம் வைத்த சட்டியோடு பக்கத்தில் வந்தார்.

"கொட்டு கனகம். நல்ல நேரம் முடியப் போகுது."

அக்கா சட்டியை வாங்கவில்லை. தெற்கே திரும்பிக் கையை நீட்டினாள்.

"அந்தா தெரியுது பாருங்க, நம்ம மொட்டை மாடி. கொடில உங்க சட்டை காயுதா? அதுக்குப் பக்கத்துலதான் நான் தெனமும் நிப்பேன். நீங்க ஒருநாளாச்சும் அங்க வந்து நின்னிருக்கீங்களா?"

மச்சான் பார்த்தார். சென்ட்ரிங் ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"லாரி நிக்குது கனகம். கான்கிரீட் இறுகிப் போயிரும்."

"அப்பச் சீக்கிரம் கொட்டுங்க. உங்க கையால கொட்டுங்க. இம்புட்டு வருசமும் என் கையை வச்சே என் கண்ணை மறைச்சிட்டீங்க. இதையாச்சும் நீங்களே மறைச்சுக்கங்க."

கத்தவில்லை. பக்கத்து வீட்டில் உப்பு வாங்கி வரச் சொல்கிற குரல்தான். சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கினாள். நான் திரும்பிப் பார்த்தபோது மச்சான் சட்டியோடு அப்படியே நின்றார். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது, இருந்தாலும் நான் மேலே போகவில்லை. நாங்கள் ரெண்டாவது மாடியில் இருக்கும்போது தலைக்கு மேலே முதல் சட்டி விழுந்த சத்தம் கேட்டது. அக்கா ஒரு நிமிஷம் நின்றுவிட்டு இறங்கினாள்.

அன்றைக்கு மழை பெய்யவில்லை. முட்டு நழுவவில்லை. மச்சான் ராத்திரி பகலாகத் தளத்தடியிலேயே கிடந்தார். வாரக்கணக்கில் தண்ணீர் கட்டி, இறுகவிட்டு, கடைசியில் தகரம் பிரித்த அன்றைக்கு எனக்கு ஃபோன் வந்தது. போனேன். தனியாக நின்றிருந்தார். கையில் ஒரு சுத்தியல். மூலை மூலையாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். எங்காவது ஒரு விரிசல், ஒரு ஓட்டை, ஒரு இறக்கம், எதுவாவது இருக்கும் என்று தேடியிருக்கிறார். ஒன்றும் இல்லை. அவர் போட்டதிலேயே அவ்வளவு சுத்தமான தளம் வேறு கிடையாது.

"மாப்ள, அவ கை படாமலே நின்னுருச்சு" என்றார்.

"நின்னுருச்சு மச்சான்."

"அப்ப இம்புட்டு நாளா அவளைச் சும்மாவா ஏத்துனேன்?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது வராது.

"ஆமா மச்சான், சும்மாத்தான்" என்றேன்.