‘இல்லை’ என்று நான் போட்ட டிக்

ஜெயராஜ் அண்ணன் இறந்துவிட்டார். வரதராஜன்பேட்டையிலிருந்து அவர் மகன் இப்போதுதான் போன் செய்தான்.

போனை வைத்ததிலிருந்து மண்டை குழம்பிக் கிடக்கிறது... அழுகை வருகிறதா, கோபம் வருகிறதா என்றே தெரியவில்லை.

எண்பதுகளில் வளைகுடாவில் ஒரு விமான கம்பெனியில் இருந்தோம். அவர் ஃப்ளைட் என்ஜினியர், கேப்டனுக்குப் பின்னால் உட்கார்ந்து மீட்டர்களைப் பார்க்கிற வேலை. லப்பைக்குடிக்காட்டுக்காரனான நான் டிரெயினிங் ஆபீஸில் கிளார்க்.

அப்போது புதிதாக ‘டீம் ஒர்க்’ டிரெயினிங் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். கேப்டன் தப்பு செய்தால் கூட இருக்கிறவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

பாடம் ஏறியதா என்று பார்க்க ஒரு டெஸ்ட். தரையிலேயே நிற்கும் டம்மி விமானத்தில் ஃபியூயல் குறையும், கேப்டன் கவனிக்காத மாதிரி நடிப்பார். அன்றைக்கு அண்ணனுக்கு டெஸ்ட்; மார்க் போட ஆள் இல்லை என்று டிக் போடும் பாரத்தை என் கையில் கொடுத்து, பின்னால் இருட்டில் அவர்கள் கண்ணில் படாமல் உட்கார வைத்தார்கள்.

அண்ணன் மெதுவாக, “சார், ஃபியூயல ஒரு தடவ பாத்துக்கலாங்களா?” என்றார். இங்கிலீஷில்தான் கேட்டார்... ஆனால் அதிலும் நம்ம ஊர் ‘ங்க’ இருந்தது.

கேப்டன் திரும்பி மீட்டரைப் பார்த்தார்.

பாரத்தில் ஒரே கேள்வி. ‘தவறை நேரடியாகச் சொன்னாரா?’ ஆம், இல்லை. நான் ‘இல்லை’யில் டிக் போட்டேன். கேள்விதானே கேட்டார், சொல்லவில்லையே!

அந்த டிக்கோடு அவரைத் தரையில் ரிப்பேர் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் விமானம் ஏறியதெல்லாம் லீவுக்கு ஊருக்கு வர மட்டும்தான்.

‘டிரெயினிங்கால் நல்ல பலன்’ என்று ரிப்போர்ட் போனது. டைப் அடித்ததும் நான்தான். என்ன பலன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கேன்டீனில் ஒருநாள் பொருமினார். “சொன்னேன்ல தம்பி... அவரு பாத்தாருல்ல? பெரியவங்ககிட்ட இதுக்கு மேல எப்படிச் சொல்றது, மண்டையில குட்டியா?”

நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

பிறகு ஒரு லீவில் இருவரும் ஊரில் இருந்தோம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்டார். “ஏந்தம்பி, அந்த பாரத்துல இல்லன்னு டிக் போட்டது யாருன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியலயேண்ணே... வெள்ளக்காரன் எவனாச்சும் இருக்கும்.”

“அப்படியா... சரி, டீயக் குடி, ஆறிடப் போவுது.”

அதோடு அந்தப் பேச்சே இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டார். நானும் வெட்கமில்லாமல் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இன்றைக்கு மகன் சொல்கிறான். “நீங்கதான் டிக் போட்டீங்கன்னு அப்பாவுக்கு அப்பவே தெரியும் சித்தப்பா. தெரியும்ங்கறத உங்ககிட்டயே பஸ் ஸ்டாண்டுல சொல்லிட்டேன்னு சொல்வாங்களே... நீங்கதான் ஒத்துக்கலன்னும் சொல்வாங்க.”

சொன்னாரா? யா அல்லா... கேட்டார் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலை அடக்கம். முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன்.

நான்தாண்ணே போட்டேன். போயிட்டு வாங்கண்ணே...