சேவை நாழிக்கு வைத்த பெயர்

2005-ஆம் ஆண்டு, என் மகள் பள்ளிக்கு டிசம்பர் விடுமுறை. அப்போது நான் கொண்டாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். அடுத்தவர் தவறைக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம். கணவரோடும் மகளோடும் ஹைதராபாத்திலிருந்து ரயிலேறி, ஆந்திரக் கடலோரத்தில் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன்.

அங்கே பூங்காவுக்குள், பழைய துறைமுக அலுவலகக் கட்டடத்தில் ஒரு சின்ன மியூசியம். எல்லாம் அந்த ஊரின் பழம்பொருட்கள். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தவையாம். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அன்று தன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தார். மூன்று கால்களும் மேலே திருகுக் கைப்பிடியும் உள்ள ஒரு பித்தளைச் சாமானைக் காட்டி, "கப்பல் கம்பெனிக்காரங்க கடிதத்துக்கு முத்திரை குத்தின கருவி இது" என்று தெலுங்கில் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "முத்திரையா? அது சேவை பிழியறது சார். ஹைதராபாத்துல, மாரெட்பள்ளியில எங்க வீட்டு சமையலறையிலேயே ஒண்ணு இருக்கு" என்று நானும் தெலுங்கிலேயே சத்தமாகச் சொன்னேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கிப்போனது.

வெளியே வந்து சவுக்கு மர நிழலில் உட்கார்ந்தோம். "பசங்க எதிர்ல சொல்லியிருக்க வேண்டாம். நாளைக்கு அவர் அந்த கிளாஸுக்குப் போகணும்" என்றார் கணவர்.

"ஹவ் மம்மி, பாவம் அந்த சார்" என்று ஹைதராபாத் வழக்கில் ஆமாம் போட்டாள் மகள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சற்று நேரத்தில் அந்த ஆசிரியர் நோட்டும் பேனாவுமாக எங்களை நோக்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் மேடம். அதுக்குப் பேர் என்ன? மாவை எப்படிப் போடுவீங்க? பிள்ளைகளுக்கு நீங்களே வந்து சொல்ல முடியுமா?" என்றார்.

உள்ளே போனதும் பிள்ளைகளிடம், "நான் தப்பா சொல்லிக்கொடுத்துட்டேன். யாரையும் விசாரிக்காம நானா ஊகிச்சது. இவங்களுக்குத் தெரியும், கேளுங்க" என்றார், வெகு இயல்பாக. வேகவைத்த மாவு, எலுமிச்சைச் சேவை என்று நான்தான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் அந்தச் சாமானுக்கு ஒட்டியிருந்த பழைய பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு, நான் உச்சரித்தபடியே 'சேவை நாழி' என்று தெலுங்கில் எழுதி ஒட்டினார்.

அதன் பிறகு யார் தவறையும் நாலு பேர் நடுவில் நான் சொன்னதில்லை. அந்த அளவுக்குப் பழகிக்கொண்டேன். ஆனால் நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் முன்னாலேயே நின்று 'நான் சொன்னது தப்பு' என்று அவரைப்போல அமைதியாகச் சொல்வது எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை.